தேறுவானா?

வாலாஜாபாத்தில் எனக்கு ஒரு பழைய சிநேகிதர் இருக்கிறார். ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தகப்பனார் கட்டிய வீட்டுக்கு வாசலில் ஒரு திண்ணை உண்டு. வீட்டை இரண்டு முறை புதுப்பித்தபோதும் அந்தத் திண்ணையை மட்டும் இடிக்க அவருக்கு மனம் வரவில்லை. வருஷத்துக்கு ஒரு முறையாவது போய் அதில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது என் வழக்கம்.

முன்பெல்லாம் அங்கே உட்கார்ந்தால் மாட்டு வண்டிகளும், காஞ்சிபுரம் போகும் பஸ்களும் கண்ணில் படும். இப்போது தொழிற்சாலைப் பஸ்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று பலகை மாட்டிக்கொண்டு, ஷிப்டுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டும் இறக்கிக்கொண்டும் ஓடுகின்றன. ஒரே நிறச் சட்டை போட்ட பிள்ளைகள் அவற்றின் ஜன்னல்களில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களில் இஞ்சினீயரிங் படித்து முடித்தவர்களும் உண்டு, படிப்பைப் பாதியில் விட்டவர்களும் உண்டு. சட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பார் நண்பர்.

சென்ற முறை நான் போயிருந்தபோது, எதிர்வீட்டுக்காரர் ஒருவர் கையில் பிளாஸ்டிக் உறையோடு வந்தார். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் காண்டிராக்ட் வேலை. உறைக்குள் அவர் பையனுடைய பிளஸ் டூ மார்க் பட்டியல்.

"சார், கட்-ஆப் நூத்தி இருபத்தெட்டு வருதுங்க. ஏதாவது ஒரு காலேஜில சீட்டு கெடைச்சிடும்னு சொல்றாங்க. சீட்டு கெடைக்கறது இருக்கட்டும். இந்த மார்க்கு வாங்கனவன் அங்க போயி தேறுவானா? நாலு வருஷம் கட்டற பணம் வீணாப் போயிடாதே?"

நண்பர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

இருநூற்றுக்கு நூற்று இருபத்தெட்டு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பையனின் நாலு வருஷத்தைச் சொல்ல முடியுமா? கைரேகை பார்ப்பவனிடம் கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பான். ஆனால் அந்த மனிதர் கேட்ட கேள்வி அவருடையது மட்டுமல்ல. சென்னை ராஜதானியில் சர்வகலாசாலை என்று ஒன்று ஏற்பட்ட நாளிலிருந்து, ஏறக்குறைய நூற்று எழுபது வருஷங்களாக, லாட்டுகளும் கமிஷன்களும் நீதிபதிகளும் மந்திரிகளும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது.

சென்னைச் சர்வகலாசாலை 1857-ல் லண்டன் சர்வகலாசாலையைப் பார்த்து அமைக்கப்பட்டது. பார்த்து அமைத்தார்கள் என்றால், கட்டடத்தையோ வகுப்பையோ பார்த்து அல்ல, பரீட்சையைப் பார்த்து. பாடம் சொல்லிக் கொடுப்பது கல்லூரிகளின் வேலை. சர்வகலாசாலையின் வேலை பரீட்சை வைப்பது, பட்டம் கொடுப்பது. அதன் வாசலில் மெட்ரிகுலேஷன் என்ற பிரவேசப் பரீட்சை நின்றது. அதைத் தாண்டினால் உள்ளே வரலாம். இங்கிலீஷ், கணக்கு, சரித்திரம், பூகோளம், ஒரு தாய்மொழி. இவற்றில் தேறியவன் கல்லூரிப் படிப்பைத் தாங்குவான் என்பது கணக்கு. 1858-ல் முதன் முதலாகப் பி.ஏ. தேறியவர்கள் இரண்டே பேர். இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்கள். ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை, பிற்காலத்தில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அதே பெரியவர்தான். மற்றவர் கரோல் விசுவநாத பிள்ளை.

இரண்டு பேர் தேறிய காலத்தில் தேறாதவர்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஆனால் மெட்ரிகுலேஷனுக்குச் சீக்கிரமே இன்னொரு மதிப்பு வந்து சேர்ந்தது. சர்க்கார் குமாஸ்தா வேலைக்கு அதுவே சீட்டு. கல்லூரியில் கால் வைக்கும் எண்ணமே இல்லாதவர்களும் அந்தப் பரீட்சைக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஒரே பரீட்சை, ஒரு பையன் தாலுகா கச்சேரியில் ஒழுங்காக நகல் எழுதுவானா என்பதையும் சொல்ல வேண்டும், ஷேக்ஸ்பியரைப் படித்துப் பொருள் சொல்வானா என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மாப்பிள்ளைகளுக்கு ஒரே ஜாதகத்தைப் பொருத்திப் பார்த்த கதைதான்.

பி.ஏ. தவறியவர்கள் பெயருக்குப் பின்னால் "பி.ஏ. பெயில்" என்று போட்டுக்கொண்டார்கள் என்று நாம் கேலி பேசுகிறோம். அதில் கேலிக்கு இடமில்லை. பிரவேசப் பரீட்சையைத் தாண்டினேன், எஃப்.ஏ.யைத் தாண்டினேன், கடைசி வேலியில்தான் விழுந்தேன் என்று ஒரு மனிதன் சொல்லிக்கொள்கிறான். எவ்வளவு தூரம் ஓடினான் என்பதற்கு வேறு அத்தாட்சி அவனுக்கு யார் கொடுத்தார்கள்?

இந்தச் சரித்திரத்தில் விழுந்தவர்களுக்கெல்லாம் தலைவர் ஒருவர் உண்டு. அவர் வாலாஜாபாத்துக்குப் பக்கத்து ஊரில் அரிச்சுவடி படித்தவர். சீனிவாச ராமானுஜன் பிறந்தது ஈரோடு, வளர்ந்தது கும்பகோணம் என்பது எல்லோருக்கும் தெரியும். சிறு பிள்ளையில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில், காஞ்சிபுரத்தில் இருந்தார் என்பதையும், 1892-ல் பள்ளியில் சேர்ந்த காலத்தில் அந்தக் காஞ்சிபுர வாசமும் உண்டு என்பதையும் காஞ்சிபுரத்துக்காரர்களே பலர் மறந்துவிட்டார்கள். பாட்டனாருக்குக் கோர்ட்டு உத்தியோகம் போயிற்று. பிள்ளை கும்பகோணம் திரும்பியது.

ராமானுஜன் கதையைப் பரீட்சைகளுக்கு விரோதமாக எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் பாதிதான் சொல்கிறார்கள். 1904-ல் அவர் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரிக்குள் நுழைந்தபோது, பிரவேசப் பரீட்சை அவரைத் தடுக்கவில்லை. மெட்ரிகுலேஷனில் நன்றாகத் தேறி, ஸ்காலர்ஷிப்பும் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனார். வாசலில் நின்ற பரீட்சை, "இவன் தேறுவான்" என்று சொல்லிற்று. அவர் தேறவில்லை. இங்கிலீஷ் கட்டுரையில் தவறி ஸ்காலர்ஷிப்பை இழந்தார். வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் ஓடினார். 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவரை வதைத்தது உடலியல். தவளையை அறுத்து நரம்பு பார்க்கும் அந்தப் பாடம் அவருக்கு ஏறவே இல்லை. அந்த வருஷ டிசம்பரில் எஃப்.ஏ. தவறினார், அடுத்த வருஷம் மறுபடி எழுதி மறுபடி தவறினார்.

மெட்ரிகுலேஷன் தேறுவான் என்றது, தவறினார். எஃப்.ஏ. இவன் லாயக்கில்லை என்றது, அதுவும் தவறிற்று. 1912-ல் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் குமாஸ்தா. 1913-ல் ஹார்டிக்குக் கடிதம். அதே வருஷம் சென்னைச் சர்வகலாசாலையே அவருக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கொடுத்தது. எம்.ஏ. பட்டம் பெற்றவர்களுக்கென்று ஏற்பட்ட உபகாரச் சம்பளம் அது. எஃப்.ஏ. இரண்டு முறை தவறியவனுக்கு விதியை வளைத்துக் கொடுத்தவர்களுக்கு நம் வணக்கம். அவர்கள் மார்க்கைப் பார்க்கவில்லை. நோட்டுப் புஸ்தகத்தைப் பார்த்தார்கள். 1918-ல் ராமானுஜன் எஃப்.ஆர்.எஸ். ஆனார். 1920-ல் இறந்தார்.

ஆனால் ராமானுஜனை வைத்து எந்தச் சட்டமும் செய்ய முடியாது. அவரைப் போல் நூறு வருஷத்துக்கு ஒருவர் வருவார். மற்ற வருஷங்களில் வரும் ஆயிரக்கணக்கான சாதாரணப் பிள்ளைகளின் கதிதான் கமிஷன்களைக் கலக்கிற்று. கர்ஸன் பிரபு 1902-ல் ஒரு கமிஷன் போட்டார். சர்வகலாசாலைகளுக்குள் தகுதியற்றவர்கள் வந்து குவிகிறார்கள், இங்கிலீஷில் நடக்கும் பிரசங்கம் அவர்களுக்குப் புரியவில்லை என்பது அதன் பெரிய குறை. அந்தக் கமிஷனில் இருந்த குருதாஸ் பானர்ஜி என்ற வங்காளத்து நீதிபதி மாறுபட்டு எழுதினார். வாசலைச் சுருக்கினால் ஏழை வீட்டுப் பிள்ளைதான் முதலில் வெளியே நிற்பான் என்பது அவர் கவலை. இந்த இரண்டு குரலும் அன்றிலிருந்து இன்றுவரை சட்டசபைகளிலும் கோர்ட்டுகளிலும் மாறி மாறிக் கேட்கின்றன.

1917-ல் கல்கத்தாச் சர்வகலாசாலைக்காக ஸாட்லர் என்பவர் தலைமையில் இன்னொரு கமிஷன் கூடிற்று. மெட்ரிகுலேஷன் தேறியவன் சர்வகலாசாலைக்குத் தயாரானவன் அல்ல, இண்டர்மீடியட் தேறிய பிறகே அவனை உள்ளே விட வேண்டும் என்று அது சொல்லிற்று. வாசலை இரண்டு வருஷம் உள்ளே தள்ளி வைத்தால் உள்ளே விழுகிறவர்கள் குறைவார்கள் என்பது யோசனை.

அந்தக் கமிஷனில் பிலிப் ஹார்டாக் என்று ஒருவர் இருந்தார். பிறகு டாக்காச் சர்வகலாசாலையின் முதல் துணைவேந்தர். 1929-ல் இந்தியக் கல்வியைப் பற்றி அவர் தலைமையில் ஓர் அறிக்கை வந்தது. பள்ளியில் சேர்ந்து பாதியில் நிற்பதையும் ஒரே வகுப்பில் தங்குவதையும் "விரயம்", "தேக்கம்" என்று இரண்டு வார்த்தைகளில் அடக்கிற்று. மனிதர் அதோடு நிற்கவில்லை. இங்கிலாந்து திரும்பியதும், பிள்ளைகளைச் சோதிக்கும் பரீட்சையையே சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார். இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இதுதான்.

ரோட்ஸ் என்பவரோடு சேர்ந்து 1935-ல் அவர் வெளியிட்ட புஸ்தகத்தில் ஒரு சோதனை வருகிறது. சரித்திரப் பாடத்தில் பதினைந்து விடைத்தாள்கள். எல்லாம் முதலில் ஒரே நடுத்தரமான மார்க் வாங்கியவை. அவற்றை அனுபவமுள்ள பரீட்சகர்களிடம் கொடுத்துத் தனித்தனியே திருத்தச் சொன்னார்கள். தேறினான், தவறினான், சிறப்பாகத் தேறினான் என்று தீர்ப்பும் சொல்ல வேண்டும். பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, அதே விடைத்தாள்களை அதே பரீட்சகர்களில் பதினான்கு பேரிடம் மறுபடி கொடுத்தார்கள். பதினைந்து தாள், பதினான்கு பேர்: இருநூற்றுப்பத்துத் தீர்ப்புகள். அவற்றில் 92 தீர்ப்புகள் மாறிவிட்டன. வேறொருவர் திருத்தி மாறவில்லை; அதே மனிதர் திருத்தி மாறிற்று. எட்ஜ்வொர்த் என்ற பொருளாதார அறிஞர் 1888-லேயே பரீட்சை மார்க்கில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். ஹார்டாக் அதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தார்.

நேற்றுத் தவறினான் என்று எழுதிய பேனா இன்று தேறினான் என்று எழுதுமானால், அந்த எழுத்தை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் கழித்து நடக்கப் போவதை எப்படிச் சொல்வது?

சென்னை ராஜதானியில் இதற்குள் மெட்ரிகுலேஷன் போய் எஸ்.எஸ்.எல்.சி. வந்திருந்தது. 1910-ஐ ஒட்டி வந்த அந்தத் திட்டத்தில் ஒரு நல்ல எண்ணம் இருந்தது. மாணவனுக்கு ஒரு புஸ்தகம். அதில் பள்ளியில் வாங்கிய மார்க்குகளும் இருக்கும், பொதுப் பரீட்சை மார்க்குகளும் இருக்கும். கல்லூரித் தலைவர் அந்தப் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்து, பையன் எதில் கெட்டி, எதில் சொத்தை என்று தெரிந்துகொள்ளலாம். நல்ல எண்ணங்களுக்கு நேர்வது அதற்கும் நேர்ந்தது. புஸ்தகத்தைப் புரட்ட யாருக்கு நேரம்? கல்லூரியில் சேர "அருகதை உள்ளவர்கள்" என்று நம்பர் பட்டியல் பத்திரிகையில் வர ஆரம்பித்தது. நம்பர் இருந்தால் வீட்டில் பாயசம், இல்லையென்றால் அழுகை. புஸ்தகம் மறுபடியும் ஓர் எண்ணாகச் சுருங்கிவிட்டது.

சுதந்தரத்துக்குப் பிறகு ராதாகிருஷ்ணன் கமிஷன் 1949-ல், சர்வகலாசாலைக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது பரீட்சையில் செய்ய வேண்டியது என்றது. அடுத்து வந்த லட்சுமணசாமி முதலியார் கமிஷன் இண்டர்மீடியட்டை எடுத்துவிட்டு, ஒரு வருஷப் புகுமுக வகுப்பை வைக்கச் சொல்லிற்று. சென்னையில் 1956-ல் பி.யு.சி. பிறந்தது. 1978-ல் பிளஸ் டூ வந்தபோது அது மறைந்தது.

அந்த இருபத்திரண்டு வருஷத்தின் கடைசிப் பகுதியில்தான் நானும் வாலாஜாபாத் நண்பரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். கல்லூரியின் பெயர் வேண்டாம். எஸ்.எஸ்.எல்.சி.யில் அவர் என்னைவிட நாற்பது மார்க் அதிகம். எங்கள் இருவரில் யார் தவறுவார் என்று யாரைக் கேட்டிருந்தாலும் என்னைத்தான் காட்டியிருப்பார்கள். நான் பட்டணத்துப் பள்ளியிலிருந்து வந்தவன். ஓரளவு இங்கிலீஷ் காதில் விழுந்திருந்தது. அவர் பதினோரு வருஷமும் தமிழில் படித்தவர். பௌதிகப் பேராசிரியர் முதல் நாள் வகுப்பில் ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசினார். நண்பர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். மணி அடித்ததும் நோட்டை எட்டிப் பார்த்தேன். காதில் விழுந்த இங்கிலீஷ் வார்த்தைகளையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ராத்திரி விடுதியில் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுவார். "ஆக்ஸிலரேஷன்" என்பதற்கு எந்த எழுத்தில் தேடுவது என்று தெரியாமல் பாதி ராத்திரி போய்விடும்.

அந்த வருஷம் அவர் தவறினார். ஊருக்குப் போய், எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கை வைத்து ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்துவிட்டார். நாற்பது மார்க் குறைவாக வாங்கிய நான் தேறினேன். அந்தத் தேர்ச்சியைப் பற்றி எனக்கு இன்றுவரை பெருமை இருந்ததில்லை.

தொழிற்கல்விக்கு வருவோம். அங்கேதான் இந்த ஜோசியம் பணமாகவும் கண்ணீராகவும் மாறிற்று. ஒரு காலத்தில் மருத்துவக் கல்லூரிக்கு மார்க்கோடு நேர்முகத் தேர்வும் சேர்த்து ஆள் எடுத்தார்கள். 1970-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு தமிழ்நாட்டு வழக்கில், நேர்முகத்துக்கு மட்டும் 75 மார்க் இருந்ததும், பையன்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து வெவ்வேறு குழு பேட்டி கண்டதும் வெளிவந்தன. அந்த முறையை நீதிமன்றம் ஒப்பவில்லை. சில நிமிஷப் பேச்சில் ஒரு டாக்டரைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் யாருக்கு இருக்கிறது? அந்தச் சந்தேகங்களுக்கெல்லாம் மருந்தாக 1984-ல் எம்.ஜி.ஆர். அரசாங்கம் நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக முந்நூறு. சிபார்சு ஒழிந்தது வாஸ்தவம். அதன் இடத்தில் பயிற்சிக் கூடங்கள் முளைத்தன. சென்னையிலும் நாமக்கல்லிலும் விளக்கு வைத்து நடந்த அந்த வகுப்புகளுக்குக் கிராமத்துப் பிள்ளை எப்படிப் போவான்?

இருபது வருஷம் கழித்து அதே தேர்வை எடுக்கப் பெரும் பாடு பட்டார்கள். 2005-லும் 2006 தொடக்கத்திலும் ஜெயலலிதா அரசாங்கம் முயன்று நீதிமன்றத்தில் தோற்றது. பிறகு கருணாநிதி அரசாங்கம், அண்ணாப் பல்கலைக் கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, 2006 டிசம்பரில் சட்டம் இயற்றி, 2007-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் வாங்கிற்று. முந்நூறு இருநூறாயிற்று. எதிர்வீட்டுக்காரர் உறையில் வைத்துக்கொண்டு வந்த நூற்று இருபத்தெட்டுக்கு இதுதான் பூர்வோத்தரம். அப்போது பெரிய பெரிய மனிதர்கள் சொன்னார்கள்: "தேர்வை எடுத்தால் தகுதியற்றவர்கள் வருவார்கள், கல்லூரியில் தவறுவார்கள்." கர்ஸன் காலத்துக் குரல் ஸ்ருதி மாறாமல் ஒலித்தது.

அவர்கள் சொன்னது சரியா, தப்பா? இங்கேதான் ஒரு சிக்கல். அதைச் சொல்ல எனக்குப் பாலாற்றங்கரை விவசாயி உதவுகிறார்.

விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போடுவார்கள். கனத்த நெல் அடியில் தங்கும். மிதப்பதை அரித்து வெளியே கொட்டிவிடுவார்கள். அடியில் தங்கியதை விதைத்தால் முளைக்கிறது. ஆகவே உப்புத் தண்ணீர் நல்ல சோதனை என்கிறோம். மிதந்த நெல்லில் எத்தனை முளைத்திருக்கும்? கோழிக்குப் போட்டுவிட்டோமே, எப்படித் தெரியும்? நெல்லில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை; விவசாயி செய்வது சரிதான். ஆனால் கல்லூரி வாசலில் அரித்துக் கொட்டப்படுவது நெல் அல்ல. நுழைவுத் தேர்வின் மார்க்கையும் பிறகு கல்லூரியில் நடந்ததையும் ஒப்பிடுகிறவர்கள், உள்ளே வந்தவர்களை வைத்துத்தான் ஒப்பிட முடியும். அவர்களோ 185, 187, 188 என்று ஒட்டினாற்போல் நிற்பவர்கள். அந்த இரண்டு மூன்று மார்க் வித்தியாசம் எதையும் சொல்லாது. 128 வாங்கி வெளியே நின்றவன் உள்ளே வந்திருந்தால் தவறியிருப்பானா என்பதற்கோ சாட்சியே கிடையாது.

மிதந்த நெல்லையும் விதைத்துப் பார்த்த ஓர் இடம் உண்டு. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரத்து மருத்துவக் கல்லூரி. 1979-ல் நூற்றைம்பது பேரைப் பொறுக்கி எடுத்துவிட்டார்கள். எண்ணூறு பேரை நேரில் கண்டு வரிசைப்படுத்தி, மேலே இருந்தவர்களாகப் பார்த்து எடுத்தவர்கள். அப்புறம் அந்த மாநிலச் சட்டசபை திடீரென்று, இன்னும் ஐம்பது பேரைச் சேர்த்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டது. வரிசையில் மேலே இருந்தவர்களெல்லாம் அதற்குள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மீதியிருந்தவர்கள் எழுநூறுக்கும் எண்ணூறுக்கும் நடுவில் நின்றவர்கள். அவர்களில் பெரும்பாலோரை எந்த மருத்துவக் கல்லூரியும் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் அவர்களையே எடுத்தார்கள். படிப்பு முழுவதும், அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பயிற்சியின் முதல் வருஷமும் இரு சாராரையும் கவனித்துக் கணக்கெடுத்து, 1987-ல் முடிவை வெளியிட்டார்கள். படிப்பிலும், பாதியில் நின்றதிலும், நோயாளிகளிடம் வேலை செய்ததிலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் ஒன்றும் இல்லை.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அந்த ஐம்பது பேரை வரிசையில் கீழே தள்ளியது பெரும்பாலும் நேர்முகத் தேர்வு. பரீட்சை மார்க்கில் அவர்கள் மற்றவர்களுக்கு வெகுவாகத் தாழ்ந்தவர்கள் அல்ல. ஆகையால் மார்க்கே பிரயோஜனமில்லை என்று இதை வைத்துக் கூத்தாட வேண்டாம். எதிர்ப்பக்கச் சாட்சியும் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரி, கொரோனாக் காலத்தில், 2020-ல், நுழைவு மார்க் கேட்பதை நிறுத்திற்று. 2022-ல் மறுபடி கேட்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் கணக்குப் பாடத்தைத் தாங்கக்கூடியவர் யார் என்று அந்த மார்க் இல்லாமல் எங்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை என்று காரணமும் சொல்லிற்று. மார்க் ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் செய்கிறது. எதைச் சொல்கிறது, யாரைப் பற்றிச் சொல்கிறது, எவ்வளவு சொல்கிறது என்பதில்தான் தகராறு.

2017-ல் அகில இந்திய நீட் தேர்வு தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு வந்தபோது, அரியலூர் மாவட்டத்துக் கிராமத்து மாணவி ஒருத்தியிடம் இரண்டு எண்கள் இருந்தன. பிளஸ் டூவில் 1200-க்கு 1176. நீட்டில் 720-க்கு 86. பெயரை எழுத வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் இல்லை. ஓர் எண், இவள் தேறுவாள் என்றது. மற்றோர் எண், தேறமாட்டாள் என்றது. எது மெய் என்று காட்ட ஐந்து வருஷம் போதும். அந்த ஐந்து வருஷம் அவளுக்குக் கிடைக்கவில்லை. வாழ்க்கையே அந்தச் செப்டம்பரோடு முடிந்துவிட்டது. 2021-ல் நீதிபதி ஏ. கே. ராஜன் குழு, நீட் வந்தபின் தமிழ் வழியில் படித்த பிள்ளைகளின் பங்கு மருத்துவக் கல்லூரிகளில் எப்படிச் சரிந்தது என்று எண்ணிக் காட்டிற்று. அதற்கு முந்திய வருஷமே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கிச் சட்டம் வந்தது. அந்த வழியாகக் குறைந்த மார்க்கோடு உள்ளே போனவர்களில் முதல் அணி இப்போது படிப்பை முடிக்கும் வயதில் இருக்கிறது. மிதந்த நெல்லை நாமும் கொஞ்சம் விதைத்திருக்கிறோம். அவர்களைப் பின்தொடர்ந்து, யார் எந்தப் பாடத்தில் தடுக்கினார்கள், ஏன் தடுக்கினார்கள் என்று ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து எழுதினால், நூறு கமிஷன் அறிக்கைகளைவிட அது எனக்கு உயர்ந்தது.

இவ்வளவையும் திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரிடம் சொல்ல முடியுமா? அவருக்கு இரண்டாம் ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நண்பர் கையை நீட்டி உறையை வாங்கினார். மொத்தத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பாடமாக விரலை வைத்துப் பார்த்தார்.

"கணக்குல நல்லாத்தான் வாங்கியிருக்கான். ரசாயனம்தான் இழுத்துடுச்சு. தமிழ் மீடியம்தானே?"

"ஆமாம் சார். இங்க கவர்மெண்டு ஸ்கூல்லதான் படிச்சான்."

"இங்கிலீஷ் புஸ்தகம் படிச்சா புரியுதா அவனுக்கு?"

"அது தெரியலீங்க சார். நான் கேட்டதில்ல."

"காலேஜ் தொறக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. நாளையிலேர்ந்து சாயங்காலம் ஆறு மணிக்கு அனுப்பு. பௌதிகப் புஸ்தகத்தை இங்கிலீஷ்ல எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. தமிழ்ப் புஸ்தகத்தையும் கொண்டாரட்டும்."

"தேறிடுவான் இல்ல சார்?"

நண்பர் உறையைத் திருப்பிக் கொடுத்தார். "ஆறு மணின்னா ஆறு மணி. நோட்டு ஒண்ணு புதுசா வாங்கிக் கொடுத்துடு" என்றார்.

தெருக்கோடியில் ஒரகடம் பஸ் ஹாரன் அடித்தது. அந்த மனிதர் உறையை வீட்டுக்குள் மனைவியிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.